மேக்ஸ்3232 மாட்யூல்: தராசுக்கும் ஈஎஸ்பி32-க்கும் நடுவில் ஒரு சின்ன போர்டு

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தரம் பார்க்கும் அறை என் பொறுப்பு. டிரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 5 கிராம் தூளை எடை போட்டு, 103 டிகிரி ஓவனில் காயவைத்து, மறுபடி எடை போடுவோம். குறைவது 0.15 கிராம்தான். கையால் எழுதும்போது ஒரு இலக்கம் மாறினால் கணக்கே கவிழ்ந்துவிடும். அதனால்தான் தராசின் பின்னால் சும்மா கிடந்த சீரியல் போர்ட்டை (எடையை எழுத்தாக வெளியே அனுப்பும் 9 பின் முனை) ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டுடன் இணைத்து, எடை தானாகப் பதிவாகும்படி செய்தோம். இந்த மாட்யூல் அதற்காக வாங்கியது. விலை 100 ரூபாய் சுற்றி.

இது ஏன் வேண்டும்? தராசின் சீரியல் போர்ட் பேசுவது ஆர்எஸ்232 என்ற முறையில். அந்த லைன் பேச்சில்லாமல் இருக்கும்போது மைனஸ் வோல்ட்டில் நிற்கும். 1 என்றால் மைனஸ், 0 என்றால் பிளஸ். இரண்டு பக்கமும் 3 முதல் 15 வோல்ட் வரை போகலாம். ஈஎஸ்பி32-க்குத் தெரிந்தது 0-உம் 3.3-உம்தான், அதுவும் தலைகீழாக. வயரை நேராகச் சொருகினால் ஈஎஸ்பி32-இன் அந்தப் பின் (இணைப்புக் கால்) எரிந்துபோகலாம். பிழைத்தாலும் ஒரு எழுத்தும் சரியாக வராது. மேக்ஸ்3232 அந்த 3.3 வோல்ட்டையே வாங்கி, பக்கத்தில் இருக்கும் குட்டி கெப்பாசிட்டர்களை வைத்து பிளஸ், மைனஸ் இரண்டையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பழைய மேக்ஸ்232-க்கு 5 வோல்ட் வேண்டும். பேர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

வேலையில் குறை சொல்ல இடமில்லை. நொடிக்கு 1,20,000 பிட் வரை தாங்கும் சிப்புக்கு எங்கள் தராசின் 2400 பாட் (நொடிக்கு 2400 பிட்) ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முதலில் திரையில் விழுந்ததைப் பார்த்த டீமேக்கர் அண்ணன், "என்னம்மா, தராசு ஒண்ணு காட்டுது, உன் பெட்டி ஒண்ணு காட்டுது?" என்றார். மாட்யூல் டூப்ளிகேட் என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். பாவம், அது சிப்பின் தப்பு இல்லை.

வந்த குப்பையை உற்றுப் பார்த்தால் தெரியும். 0, 3, 5, 6, 9 ஒழுங்காக வந்தன. 1, 2, 4, 7, 8 வர வேண்டிய இடங்களில் மட்டும் கோணல் குறிகள். சிப் கெட்டிருந்தாலோ பாட் ரேட் தப்பாக இருந்தாலோ இப்படி ஆள் பார்த்து அடிக்காது. தராசு அனுப்புவது 7 பிட், ஈவன் பாரிட்டி: அதாவது 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி ஒரு சரிபார்ப்பு பிட்டையும் சேர்த்து அனுப்பும். ஈஎஸ்பி32-இல் ஓடும் நம் புரோகிராம் எதிர்பார்ப்பது 8 பிட், பாரிட்டி கிடையாது. ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்தால் இரண்டுமே 10 பிட்தான், ஆகவே நேரக்கணக்கு இடிக்காது. பாரிட்டி பிட் மட்டும் எட்டாவது பிட்டாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். '1' என்ற எழுத்தின் எண் 49. அதை பிட்டாக எழுதினால் மூன்று 1-கள், ஒற்றைப்படை. இரட்டையாக்க பாரிட்டியும் 1 ஆகிறது, 128 கூடுகிறது, 49 போய் 177 வந்து நிற்கிறது. '3'-இன் எண் 51. அதில் நான்கு 1-கள், அதனால் தொந்தரவில்லை. வரி முடிவில் வரும் 13-உம் 141 ஆகிவிடுவதால், அதற்காகக் காத்திருக்கும் புரோகிராம் காத்துக்கொண்டே இருக்கும்.

ஈஎஸ்பி32-இல் சீரியலைத் தொடங்கும் வரியில் 7ஈ1 (7 பிட், ஈவன் பாரிட்டி, ஒரு ஸ்டாப் பிட்) என்று போட்டதும் சரியாகிவிட்டது. அர்டுயினோ ஊனோ போர்டில் சாஃப்ட்வேர்சீரியல் என்ற லைப்ரரியை வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, அதற்கு 8என்1 (8 பிட், பாரிட்டி இல்லை) மட்டும்தான் தெரியும். தராசு சொல்வதைக் கேட்பதோடு சரி என்றால், வரும் ஒவ்வொரு எண்ணிலும் மேல் பிட்டை, அதாவது அந்த 128-ஐ, கழற்றினால் போதும். தராசுக்குக் கட்டளையும் அனுப்ப வேண்டுமென்றால் பாரிட்டியை நாமே போட்டு அனுப்ப வேண்டும்.

எழுத்தே வராவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனை தராசின் 5-ஆம் பின்னில் (கிரவுண்ட்), சிவப்பு முதலில் 2-இல், அப்புறம் 3-இல். எதில் மைனஸ் வோல்ட் நிற்கிறதோ அதுதான் தராசு பேசும் பின். எங்களுடையதில் மைனஸ் 6-க்குப் பக்கம் காட்டியது. அடுத்து மாட்யூலின் 2-ஐயும் 3-ஐயும் ஒரு துண்டு வயரால் இணைத்து ஈஎஸ்பி32-இலிருந்து எதையாவது அனுப்புங்கள். அப்படியே திரும்பி வந்தால் மாட்யூல் நல்லது.

இப்போது குறைகள். போர்டில் டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) என்று அச்சடித்திருப்பது யாருடைய டிஎக்ஸ் என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு விதம். மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. சிப்பில் இரண்டு ஜோடி லைன் இருந்தும் எனக்கு வந்த போர்டில் ஒன்றைத்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள். அனுப்பலாமா என்று கேட்டு அனுமதி வந்தால்தான் பேசும் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு, கருவியின் பக்கத்தில் 7-ஆம் பின்னையும் 8-ஆம் பின்னையும் இணைத்து ஏமாற்ற வேண்டியிருக்கும். மூடி கிடையாது என்பது எங்கள் ஊருக்குப் பெரிய விஷயம். ஃபேக்டரியில் பறக்கும் தேயிலைப் பஞ்சு எதன் மேலும் படியும், ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே வைத்துவிட்டேன்.

வாங்கும்போது ஆண் முனையா பெண் முனையா என்று பாருங்கள். எங்கள் தராசில் இருப்பது பெண், ஆகவே மாட்யூலில் ஆண் வேண்டும். எனக்கு விற்றவர் பெண் முனையை அனுப்பிவிட்டு, ஜெண்டர் சேஞ்சர் போட்டுக்கொள்ளச் சொன்னார். அது முனையை மட்டும்தான் மாற்றும். இரண்டு பக்கமும் 2-ஆம் பின்னிலேயே பேசும், யாரும் கேட்க மாட்டார்கள். 2-ஐயும் 3-ஐயும் குறுக்கே மாற்றிய ‘நல் மோடம்’ (null modem) கேபிள், இரண்டு முனையும் ஆணாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் போர்டைத் திருப்பி அனுப்புங்கள்.