அல்கச்சோஃபா: ஆறு வருடம் கேட்ட பிறகு

எலெக்ட்ரானிக் நடன இசை அமைக்கும் ரிக்கார்டோ வில்லாலோபோஸின் ‘அல்கச்சோஃபா’ ஆல்பத்தை முதல் தடவை போட்டபோது நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்ததுதான் பாட்டு என்று அப்போது உறைக்கவில்லை. 2003இல் வந்த ஆல்பம், என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறது. இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓடுகிறது.

திரும்பிப் போனது ரசனையால் அல்ல. ராத்திரி வேலை செய்யும்போது கவனத்தைப் பிடுங்காத ஏதாவது சத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். குறைந்த ஒலியில் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். சில வாரம் கழித்து ஒரு ராத்திரி, தட்டச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்திருப்பதைக் கவனித்தேன். ஏதோ ஒரு சின்னச் சத்தம் இல்லாமல் போயிருந்தது. அது இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது.

இந்த ஆல்பம் மினிமல் டெக் ஹவுஸ் வகை, அதாவது சத்தங்களைக் குறைத்து ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நடன இசை. அதன் வேலையே இதுதான். நிமிடத்துக்கு 125 பீட் என்றால் கிட்டத்தட்ட அரை நொடிக்கு ஒரு கிக், அதாவது கனமான டிரம் அடி. அது மாறாது. மாறுவதெல்லாம் இரண்டு கிக்குக்கு நடுவில் இருக்கும் இடத்தில்தான். வில்லாலோபோஸ் 1970இல் சிலியில் பிறந்தவர். ராணுவத் தளபதி பினோசே அங்கே ஆட்சியைக் கவிழ்த்த 1973இல் குடும்பம் ஜெர்மனிக்குப் போய்விட்டது. சிறு வயதிலேயே காங்கா என்ற கைமேளம் வாசித்துப் பழகியவர் என்பதைப் பிறகு படித்தபோது, ஆமாம், இது கை வைத்துத் தட்டிப் பழகியவரின் தாளம்தான் என்று தோன்றியது. மெஷின் வாசித்தாலும் விறைப்பாக இல்லை.

ஒரு கூத்தும் நடந்தது. புது ஹெட்போனில் கேட்கும்போது வலது காதில் மட்டும் ‘டிக்’ என்று ஒரு கீறல். ஒயரை ஆட்டினேன், முனையை ஊதினேன், துணியால் துடைத்தேன். மாற்றித் தரச் சொல்லலாம் என்று பெட்டியைத் தேடி எடுத்தும் வைத்தாயிற்று. அப்புறம் சந்தேகம் வந்து பழைய ஹெட்போனைப் போட்டால், அதே இடத்தில் அதே டிக். அவர் வேண்டுமென்றே வைத்தது! பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன்.

எதில் கேட்கிறோம் என்பது இந்த ஆல்பத்துக்கு ரொம்பவே முக்கியம். போன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் மொத்தமும் காணாமல் போய், குழாய் சொட்டுகிற மாதிரி டொக் டொக் மட்டும் மிஞ்சும். பேஸைக் கூட்டி வைத்தாலும் கெட்டுவிடும், நடுவில் இருக்கும் பொடிச் சத்தங்களை அது மூடிவிடுகிறது. காதை முழுக்க மூடும் சாதாரண ஒயர் ஹெட்போன், ஈக்வலைசர் அணைத்து வைத்தது. எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் ஓரிரண்டு தடங்கள் எனக்கு இன்றுவரை இழுவைதான், வேலையில் மூழ்கியிருந்தால் மட்டும் தெரியாது. ஷஃபிளில் போட்டால் மற்ற பாட்டுகளுக்கு நடுவே அநாதையாக நிற்கும். நாலு பேர் இருக்கும் இடத்தில் போட்டால், “மாட்டிக்கிச்சா?” என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார்.

‘டெக்ஸ்டர்’ மட்டும் தனி. அதில் ஓடும் சோகமான மெட்டைக் கேட்க வேலையை ஓரமாக வைத்துவிடுவேன். இந்த வகை இசை புதிதாக இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம், நான் தொடங்கிய மாதிரி முதல் தடமான ‘ஈஸி லீ’யிலிருந்து வேண்டாம். அதில் வோகோடர் (குரலை மெஷின் பேசுவது மாதிரி மாற்றும் கருவி) வழியாக ஒரு குரல் சுமார் பத்து நிமிடம் முனகிக்கொண்டே இருக்கும். ஆறு வருடத்தில் அந்த வார்த்தைகளை நான் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். போன வாரம் நண்பனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன், அவன் நான்காவதாக ஒன்றைச் சொல்கிறான்.