முட்டி வலிக்கு எந்த ஊசி: மூட்டுக்குள் ஸ்டீராய்டா, நரம்பு பிளாக்கா?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கூடவே பல வருடச் சர்க்கரை. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் மிஞ்சியது இரண்டு வகை ஊசிதான். நாங்கள் போனது நரம்பு பிளாக் பக்கம், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஸ்டீராய்டு ஊசி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எலும்பு மருத்துவர் தன் அறையிலேயே போட்டுவிடுவார், செலவு குறைவு, வீங்கி நீர் கோர்த்த முட்டிக்குச் சீக்கிரம் கேட்கும். சில வாரம் நிம்மதி, அப்புறம் பழைய வலி.

நரம்பு பிளாக் மூட்டுக்குள்ளேயே போவதில்லை. முட்டியின் வலியை மேலே கொண்டுபோகிற ஜெனிகுலர் நரம்புகள் எலும்பை ஒட்டி ஓடுகின்றன. ஸ்கேனிலோ சி-ஆர்ம் எக்ஸ்ரேயிலோ பார்த்துக்கொண்டே, அவற்றில் மூன்றின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள்: முட்டிக்கு மேலே இரண்டு பக்கமும், கீழே உள்பக்கமும். கீழே வெளிப்பக்கத்தை வழக்கமாக விட்டுவிடுவார்கள், பாதத்தைத் தூக்க வைக்கிற நரம்பு அங்கே பக்கத்திலேயே போகிறது.

இந்த முதல் ஊசி உண்மையில் ஒரு சோதனைதான். மருந்தின் வேலை சில மணி நேரம். அதற்குள் வலி பாதியாவது குறைந்தால், இன்னொரு நாள் அதே நரம்புகளை ரேடியோ அலை ஊசியால் சுடுவார்கள். அதனால் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்துத் தூங்கினால் சோதனையே வீண், எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்து பார்க்க வேண்டும். அம்மாவை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னோம், திட்டிக்கொண்டே ஏறினார், பாதிப் படியில் திட்டுவது நின்றுவிட்டது.

சரி, எங்களை முடிவெடுக்க வைத்தது மறுபடி போடுகிற விஷயம். இரண்டுமே நிரந்தரமில்லை, வலி திரும்ப வரும், திரும்பப் போட வேண்டும், அப்படியானால் ஒவ்வொரு முறையும் உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்களாவது சர்க்கரை எகிறும், ஏற்கெனவே இன்சுலினோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டுகள் முட்டிக்குள் ஊசி போட்டார்கள், சிலருக்கு ஸ்டீராய்டு, சிலருக்கு வெறும் உப்புநீர். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இது போதாதென்று, ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தால் கிருமித் தொற்று அபாயம் கூடும் என்பதால் அதையும் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

சுட்ட நரம்பும் மெதுவாக வளர்ந்துவிடும், பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வலி திரும்புகிறது. ஆனால் மறுபடி சுடும்போதும் குருத்தெலும்பைத் தொடுவதில்லை, பின்னால் ஆபரேஷனுக்குப் போகிற வழியும் திறந்தே இருக்கிறது. எங்களுக்கு அந்த இரண்டாவது முறை இன்னும் வரவில்லை, முதல் முறை போலவே கேட்குமா என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

குறைகளும் உண்டு. செலவு அதிகம், வலி சிகிச்சை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார், சுட்ட இடம் கொஞ்ச நாள் வலிக்கும், சோதனையில் பாஸ் ஆனவர்களிலும் சிலருக்குப் பலன் கிடைப்பதில்லை. வலிதான் போகிறது, தேய்மானம் அப்படியே இருக்கிறது, அதனால் வலி இல்லாத மாதங்களில் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தே ஆக வேண்டும். கால் வளைந்துபோனவர்கள் ஆபரேஷன் பற்றியே பேசுவது நல்லது, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்த பிறகு அந்தப் பாரமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சர்க்கரை இல்லை, முட்டி திடீரென்று வீங்கிவிட்டது, அடுத்த வாரம் வீட்டில் கல்யாணம் என்றால் ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியை நானும் தப்பு சொல்லமாட்டேன்.

பிளாக்குக்குப் போகிறவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, சிலர் பிளாக் மருந்தோடும் கொஞ்சம் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. சர்க்கரை இருப்பவர்கள், அது இல்லாமல் போட முடியுமா என்று ஊசி போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.