மார்கழி ஈரத்தில் ஓர் எம்-65 மேலங்கியைத் துவைத்து வைத்த அனுபவம்

டொரோண்டோவிலிருந்து டிசம்பரில் சென்னைக்கு வருகிறவர்களுக்கு, விமானம் ஏறும் வரை உயிர்காக்கும் குளிர்கால மேலங்கி மீனம்பாக்கத்தில் இறங்கியதுமே கைச்சுமையாகிவிடுகிறது. என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படைக்கென அறிமுகமான எம்-65 வகையைச் சேர்ந்தது. பருத்தியும் நைலானும் கலந்து நெருக்கமாக நெய்த துணி, நான்கு பெரிய பைகள், கழுத்துப்பட்டைக்குள் சுருட்டி ஜிப் போட்டு அடைக்கும் தலைமூடி, மணிக்கட்டில் வெல்க்ரோ, பொத்தானைக் கழற்றித் தனியே எடுக்கக்கூடிய உள்ளுறை என்று அமைந்த இதற்கு ட்ரை கிளீனிங் தேவையே இல்லை. மிதமான சோப்பும் நல்ல தண்ணீரும் போதும். ஆனால் எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் சலவைக்காரரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மயிலாப்பூரில் முதலில் நுழைந்த பளபளப்பான கடையில், துணியை விரித்துக்கூடப் பார்க்காமல் ட்ரை கிளீனிங் என்று பில் அடிக்கத் தொடங்கியதோடு, அடையாள அட்டையைத் துணியின் மீதே ஸ்டேப்ளர் பின் கொண்டு குத்தவும் முனைந்ததால் நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டேன். அடுத்த தெருவில் இருந்த பழைய லாண்டரியின் உரிமையாளரோ பைகள் ஒவ்வொன்றையும் துழாவி, கழுத்துப்பட்டையின் எண்ணெய்ப் பிசுக்கை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். கஞ்சி வேண்டாம் என்றதும் அவர் முகம் சற்று வாடியது. "கஞ்சி போட்டாத்தானே சார் மிலிட்டரி டிரெஸ் விறைப்பா நிக்கும்?" என்று கேட்டார். சீருடைக்குச் சரி; ஆனால் மாதக்கணக்கில் மடித்து வைக்கும் துணியில் கஞ்சி இருந்தால் அது இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகிவிடும். பிளீச்சிங் பவுடர் நைலான் இழையை நலிவடையச் செய்யும் என்பதால் அதுவும் கூடாது. கல்லில் அடித்தால் ஜிப்பின் உலோகப் பற்கள் வளையும். இவை அனைத்தையும் மறுப்பேதும் சொல்லாமல் ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

போர்வெல் தண்ணீரில் அலசினால் கரும்பச்சைத் துணியில் வெள்ளைத் திட்டுகள் படியும் என்று அவராகவே சொல்லி, கடைசி அலசலுக்குக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரைப் பயன்படுத்துவதாக உறுதியளித்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெயிலில் நிறம் வெளுக்காமல் இருக்க உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் உலர்த்தியிருந்தார்கள். ஆயினும் வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓயாத நாட்களாதலால், வெளித்துணி காய்ந்த பிறகும் கழுத்துப்பட்டைக்குள் இருந்த தலைமூடி ஈரமாகவே இருந்தது. அதை வெளியே இழுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே மீண்டும் தொங்கவிட வேண்டியிருந்தது. கவனிக்காமல் வாங்கி வந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்திருக்கும். தளர்ந்துபோயிருந்த ஜிப்புக்கு, பைகளும் குடைகளும் பழுதுபார்க்கும் நடைபாதைக் கடைக்காரர் புதிய ரன்னர் போட்டு, பற்களின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கொடுத்தார். கனடாவில் இந்த வேலைக்கு ஆள் தேடுவதே பெரும்பாடு.

வீட்டில் பெரியம்மா மேலங்கியை லாண்டரியின் பிளாஸ்டிக் உறையோடு இரும்பு பீரோவில் தொங்கவிட்டு, பைக்கு ஒன்றாக அந்துருண்டை போடவும் தயாராக இருந்தார். அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும்தான் நாடும். பருத்தியும் நைலானும் கலந்த துணிக்கு அந்துருண்டை மணத்தைத் தவிர வேறொன்றையும் தருவதில்லை, அந்த மணமோ விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வரை போகும். சென்னையில் இத்துணிக்கு உண்மையான எதிரி ஈரம்தான், அதைப் பிளாஸ்டிக் உறை உள்ளேயே அடைத்துவைத்துவிடும். ஆகவே உறையை அகற்றி, அகலமான ஹேங்கரில் மாட்டி, இடுப்பு நாடாவைத் தளர்த்தி, வெளுத்த பழைய வேட்டி ஒன்றைச் சுற்றிவிட்டு, உள்ளுறையைத் தனியே தொங்கவிட்டோம். பெரியம்மாவின் மனநிறைவுக்காகப் பீரோவின் அடித்தட்டில் இரண்டு வசம்புத் துண்டுகளும் இடம்பெற்றன.

பொங்கலை ஒட்டிய நாட்களில் பல லாண்டரிகள் மூடியிருக்கும், திறந்திருப்பவற்றிலும் பட்டுவேட்டிகளுக்கே முன்னுரிமை. எனவே ஜனவரி நடுவில் திரும்புகிறவர்கள் வந்து இறங்கிய வாரத்திலேயே மேலங்கியைக் கொடுத்துவிடுவது நல்லது.