அரையாண்டு விடுமுறை விருந்து: இல்லத்திலேயா, ஏற்காட்டிலா?

சேலத்தில் குழந்தைகள் இல்லத்துக்கு விருந்து வைக்க நினைப்பவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு
இல்லத்தில்: சாப்பாடு, பரிசு. அவ்வளவுதான்.
ஏற்காட்டில்: வேன் வாடகை, படகுச் சீட்டு, ஆளுக்கொரு ஸ்வெட்டர். டிசம்பர் குளிர் சும்மா விடாது.

அலைச்சல்
இல்லத்தில்: பந்தல்கூட வேண்டாம்.
ஏற்காட்டில்: 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவிலேயே ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். இல்ல நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சாப்பாடு
இதில் இல்லம்தான் ஜெயிக்கும். தட்டுவடை செட் போடுபவரை வரச்சொல்லுங்கள். தட்டுவடையில் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடி நீட்டுவார். முதல் செட் கைக்கு வந்ததும் வரிசை கலைந்துவிடும். மலைமேல் பிரிக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்கு இந்தக் கூத்து ஏது?

சந்தோஷம்
ஏற்காட்டில்: ஏரி, படகு, மூடுபனி. வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.
இல்லத்தில்: மேடைப் பேச்சும் போட்டோவும் நீண்டால் பிள்ளைகள் நெளிவார்கள். (அது நமக்கான விழா, அவர்களுக்கல்ல.)

சின்னப் பிள்ளைகள் அதிகமென்றால், பட்ஜெட்டும் கம்மியென்றால், இல்லமே சரி. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்காடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். வெளியே போகணும், மலை ஏற முடியாது என்றால் அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது.