டர்பனில் சிட்ருலின் தூள்: நீண்டநாள் அனுபவம்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பிரஷர், சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு பிரஷர் மட்டும். கூடவே மேட்டில் ஏறினால் கெண்டைக்கால் கனக்கும், ஜூலைக் குளிரில் பாதம் சில்லிட்டுப்போகும். அடைப்பு இல்லை என்று டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொன்ன பிறகுதான் இந்த அமினோ அமிலச் சமாச்சாரத்துக்குள் போனேன்.

முதலில் எல்-ஆர்ஜினைன் மாத்திரை. ரத்தக்குழாயின் உட்சுவர் ஆர்ஜினைனிலிருந்துதான் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. அது குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசே கிடைத்தது. எல்லாம் சரி, விழுங்குகிற ஆர்ஜினைனில் கணிசமான பகுதியைக் குடலும் ஈரலுமே உடைத்துவிடுகின்றன. எனக்கு மிஞ்சியது வயிற்று இரைச்சல்.

“சிட்ருலின் எடுத்துப் பாருங்க அங்கிள், வயிறு பேசாது” என்றாள் ஃபார்மசிப் பெண். தர்பூசணியில் இருக்கிற சரக்கு. சிறுநீரகம் அதை ஆர்ஜினைனாக மாற்றிக்கொடுக்கும். வயிறு நிஜமாகவே பேசவில்லை.

டப்பாவில் ‘6 கிராம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது சிட்ருலின் மாலேட், அதாவது சிட்ருலினோடு மாலிக் அமிலம் சேர்த்தது. இரண்டுக்கு ஒன்று கலவை என்றால் சிட்ருலின் 4 கிராம்தான். ‘சாப்ரா (தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) இதன் தரத்தையோ பாதுகாப்பையோ மதிப்பிடவில்லை’ என்ற வரியோ பொடி எழுத்தில். எலுமிச்சைப் புளிப்பு, குளிர்ந்த நீரில் அடியில் தங்கிவிடும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் தூள் இறுகி, கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

பலன்? மேடு ஏறுவது லேசானது, பிரஷரின் மேல் எண் கொஞ்சம் இறங்கியது. அதே சமயத்தில்தான் கடற்கரை நடையைத் தொடங்கினேன், ஊறுகாயையும் குறைத்தேன். நடை நின்ற மழை வாரங்களில் தூள் குடித்தும் எண் ஏறியது, ஆகவே கூடுதல் மார்க் நடைக்குத்தான். பாதக் குளிர்ச்சிக்கு இன்றும் காலுறைதான் மருந்து. பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்து காலையில் தலை கிறுகிறுத்ததால், டாக்டரிடம் கேட்டுத் தூளை மாலைக்கு மாற்றினேன்.

மாரடைப்பு வந்து தேறிய பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு டப்பா கேட்டார். கொடுக்கவில்லை. மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினைன் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. அதில் மருந்து எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த குழுவில் ஒருவரும் இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். சிட்ருலினும் உடம்பில் ஆர்ஜினைனாகத்தானே மாறுகிறது? நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை, சில்டெனாஃபில் (வயாகரா) எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, பிரஷர் சட்டென்று விழும்.

அடுத்த முறை சின்ன டப்பாவாகத்தான் வாங்குவேன், புழுக்கத்துக்கு முன் தீர்ந்துவிடும்.