அந்தியில் ஆந்தை பார்க்க வாங்கிய பைனாகுலர்

கண்டியிலுள்ள கடையொன்றில் வாங்கிய, 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீற்றர் முகப்பு வில்லை கொண்ட பைனாகுலரைப் பத்து மாதங்களாகப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெரும்பாலும் ஆந்தைகளை அடையாளம் காண்பதற்காகவே பயன்படுத்தி வருகிறேன். என் சம்பளத்தில் அது சிறிய செலவல்ல. ஆயினும் மனம் நிறைந்தே இதை எழுதுகிறேன்.

முன்பு என்னிடம் இருந்தது 10 மடங்கு, 25 மில்லிமீற்றர் அளவுள்ள சிறிய கருவி. பகலில் அதைக் குறை கூற முடியாது. ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழேயுள்ள ஓடைக்கரை மரத்தில் வந்தமரும் பெரிய ஆந்தை அதில் கரிய உருவமாகவே தெரிந்தது. வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். பழையதில் அது 2.5 மில்லிமீற்றர், புதியதில் 5.25. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி விரிந்து காத்திருக்கையில், இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தலையில் கொம்பு போன்ற இறகுகள் தெரியாததால், அந்தப் பறவையைப் பழுப்புக் காட்டு ஆந்தை என்றே இரண்டு ஆண்டுகளாகக் குறித்து வைத்திருந்தேன். புதிய பைனாகுலரில் பார்த்த முதல் மாலையே அது என் பக்கம் முகத்தைத் திருப்பியது. கண்கள் பளிச்சென்ற மஞ்சள். மார்பில் கரிய கீற்றுகள் மேலிருந்து கீழாக ஓடின; கிளையைப் பற்றியிருந்த கால்களில் இறகே இல்லை. அது மீன் ஆந்தை. கொம்பிறகுகளை அது தலையோடு படியவைத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை மட்டும் நம்பி முடிவு செய்யவே கூடாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

உண்மையான காட்டு ஆந்தையை இரண்டு மாதங்கள் கழித்து, மேல்மலைக் காட்டோரத்தில் கண்டேன். கரும்பழுப்புக் கண்கள், அவற்றுக்கு மேல் வெளிறிய புருவம், கரிய விளிம்பு சூழ்ந்த செம்பழுப்பு முகவட்டு, மார்பில் நெருக்கமான குறுக்குக் கோடுகள், விரல்வரை இறகு மூடிய கால்கள் என அத்தனையும் மங்கிய வெளிச்சத்திலேயே தெளிவாகத் தெரிந்தன. டோர்ச் அடிக்கத் தேவையே ஏற்படவில்லை. பறவையின் கண்ணைக் கூசவைக்காமல் பார்க்க முடிந்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

இலங்கையில் மட்டுமே வாழும், பகலிலும் நடமாடும் செம்முதுகுச் சிற்றாந்தை 19 சென்றிமீற்றர் அளவேயான பறவை. அதை இலைகளுக்கிடையே தேடிப் பிடிக்க 8 மடங்கின் அகன்ற பார்வைப் பரப்பு உதவியது.

குறைகளும் உண்டு. குளிர்ந்த காலையில் குவியத் திருகு இறுகிவிடுகிறது. கண்வில்லை மூடி நடக்கும்போதே கழன்று விழுகிறது. கூடவே தந்த வார் மெல்லியதாக இருப்பதால் ஒரு மணி நேரத்தில் கழுத்தை அறுக்கிறது. வாரை நான் மாற்றிவிட்டேன். பனிமூட்டத்திலும் தூறலிலும் நனைந்தபோதும் வில்லைக்குள் ஆவி படியவில்லை என்பதை நம் மலைநாட்டில் இருப்போர் முக்கியமாகக் கவனிக்கலாம்.

வாங்க நினைப்பவர்கள் கடைக்கு நண்பகலில் போக வேண்டாம். விளக்கேற்றும் நேரத்தில் போய், வாசலில் நின்று, எதிர்க் கட்டடத்தின் கூரை நிழலில் உள்ள எழுத்துகளை இரண்டு மூன்று கருவிகளில் மாறி மாறி வாசித்துப் பாருங்கள்.