எச்.ஓ. அளவு பிளாஸ்ட் ஃபர்னஸ் கிட்: குன்னூரில் கட்டிப் பார்த்தவன் சொல்வது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பு உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸை (ஊது உலையை) மாடல் ரயிலோடு வைக்கத் துண்டு துண்டாக ஒட்டிக் கட்டுகிற கிட் இது. இதில் ஃபர்னஸும் அதற்குப் போகும் காற்றைச் சூடாக்கும் ஸ்டவ்களும் அருமை, உருகிய இரும்பைத் திறந்துவிடும் கூடமான காஸ்ட் ஹவுஸ் சுமார், குழாய்கள் படுமோசம். ஸ்டீல் மில் என்பதே முக்கால்வாசி குழாய்தான் என்பதால் அந்தக் கடைசிக் குறை லேசானது இல்லை. இருந்தும் மறுபடி வாங்குவாயா என்று கேட்டால் வாங்குவேன். வெளிநாட்டுத் தயாரிப்பு, பிளாஸ்டிக், 1:87 அளவு (எச்.ஓ. என்பது இதுதான், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு). கம்பெனி பெயர் வேண்டாம்.

குன்னூரில் உட்கார்ந்துகொண்டு மலை ரயிலை விட்டுவிட்டு ஸ்டீல் மில் கட்டுகிறாயே, உனக்கென்ன ஆச்சு என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம ரயிலை மாடலாகச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. மீட்டர் கேஜை, அதாவது ஒரு மீட்டர் தண்டவாள அகலத்தை, 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. வருகிறது, அதற்குப் பொருந்தும் 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும், மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் இன்ஜினைக் கையாலேயே செய்ய வேண்டும், 12-க்கு 1-ஐ ஒட்டிய ஏற்றத்தில் அது பல்சக்கரம் பிடித்து ஏறவும் வேண்டும். இத்தனையும் செய்த பிறகு அந்த ரயிலுக்கு என்ன வேலை? ஆளை ஏற்றிக்கொண்டு மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதான். ஸ்டீல் மில் ரயிலுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு டன் இரும்பு எடுக்க ஒன்றரை டன்னுக்கு மேல் தாது வேண்டும், அரை டன் அளவுக்குக் கோக் என்கிற சுட்ட நிலக்கரி வேண்டும் (பழைய காலத்து ஃபர்னஸ் என்றால் இன்னும் அதிகம்), சுண்ணாம்புக்கல் தனி. உள்ளே இத்தனை வேகன் வந்தால் வெளியே உருகிய இரும்பு ஒரு பக்கமும் ஸ்லாக் என்கிற கசடு இன்னொரு பக்கமும் போக வேண்டும். வேகன்களை முன்னும் பின்னும் தள்ளிப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் பைத்தியம் பிடித்தவனுக்கு வேறென்ன வேண்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம். ஃபர்னஸ் உடல் இரண்டு பாதியாக வருகிறது, ரிவெட் வரிசையெல்லாம் கூர்மையாக இருக்கிறது, பாதிகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் உட்காருகின்றன. அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் பெரிய வளையக் குழாய், அதிலிருந்து ஃபர்னஸுக்குள் காற்றை இறக்கும் ட்யூயர்கள், எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு இடத்துக்காகவே வார்ப்பு செய்தவர்கள் கையைக் குலுக்கலாம். ஸ்டவ் மூன்று. மூன்று என்பது அழகுக்காக இல்லை: ஒன்று காற்றைச் சூடாக்கி ஃபர்னஸுக்கு அனுப்பும்போது மற்ற இரண்டும் ஃபர்னஸிலிருந்து வந்த கேஸையே எரித்துத் தங்களுக்குள் இருக்கும் செங்கல்லைச் சூடேற்றிக்கொண்டிருக்கும், பிறகு முறை மாறும். 1857-ல் கௌப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பேடண்ட் வாங்கிய ஏற்பாடு, அடிப்படை இன்றைக்கும் அதேதான்.

ஸ்டவ்களில் ஒரே பிரச்சினை ஒட்டுக் கோடு. புட்டி போட்டுத் தேய்த்தால் ரிவெட்டும் சேர்ந்து போய்விடும், அதனால் தேய்க்கவே வேண்டாம். கோடுகள் இடமும் வலமும் வருகிற மாதிரி நிறுத்துங்கள், பக்கத்து ஸ்டவ் மறைத்துவிடும். ஓரத்தில் இருப்பதற்கு மட்டும் அந்தக் கோட்டின் மேலேயே ஓர் ஏணியை ஓடவிட்டால் தீர்ந்தது.

தாதுவையும் கோக்கையும் ஃபர்னஸ் உச்சிக்குக் கொண்டுபோகும் ஸ்கிப் ஏற்றம் நன்றாக இருக்கிறது, வழிமுறைத் தாளை மட்டும் நம்பாதீர்கள். சாய்வுப் பாலத்தில் இரண்டு ஸ்கிப் வண்டிகள். ஒன்று நிறைந்து மேலே ஏறும்போது மற்றது காலியாகக் கீழே இறங்கி வரும், ஒன்றின் எடை மற்றதற்கு ஈடு கொடுக்கும். தாளில் உள்ள படத்தில் இரண்டுமே கீழே பக்கத்தில் பக்கத்தில் சமர்த்தாக நிற்கின்றன. படம் வரைந்தவர் ஒரு ஸ்டீல் பிளாண்ட்டையாவது எட்டிப் பார்த்திருப்பாரா தெரியவில்லை. ஒன்றை உச்சியில் கவிழ்கிற நிலையில் ஒட்டிவிட்டு இன்னொன்றைக் குழிக்குள் இறக்குங்கள்.

இனி குழாய். எங்கள் தெருவில் பிலாயில் பிளாஸ்ட் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்து ரிட்டையரான பெரியவர் ஒருவர் இருக்கிறார். கட்டி முடித்ததைப் பார்க்க வந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபர்னஸ் உச்சியிலிருந்து விரலாலேயே கேஸைத் தொடர ஆரம்பித்தார். உச்சியிலிருந்து கிளம்பும் குழாய்கள், அவை சேர்ந்து சரிந்து இறங்கும் பெரிய குழாய், அது வந்து சேரும் டஸ்ட் கேட்சர். அங்கே விரல் நின்றுவிட்டது.

“இதுக்கு அப்புறம் கேஸ் எங்க போகுது தம்பி?”

“அவ்வளவுதாங்க ஐயா, கிட்டுல அதோட முடியுது.”

“அப்ப ஊருக்கே விடுறீங்க. கார்பன் மோனாக்சைடு தம்பி, வாசனையே இருக்காது, ஆளைத் தூக்கிரும். சரி, ஸ்டவ்வுக்கு வர்ற குளிர் காத்து எங்கிருந்து வருது?”

“அதுவும் ஸ்டவ் பக்கத்துலயே ஆரம்பிக்குதுங்க.”

அவர் சிரித்த சிரிப்பு எங்கள் குன்னூர் மவுண்ட் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவர் கேட்டது அத்தனையும் சரி. டஸ்ட் கேட்சரில் கனமான தூசிதான் விழும். அதற்குப் பிறகு கேஸைத் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும், கழுவிய கேஸ் ஒரு பங்கு ஸ்டவ்களுக்கும் மீதி பாய்லர் ஹவுஸுக்கும் போக வேண்டும், பாய்லர் நீராவியில் பழைய காலத்து ஊதுகாற்று இயந்திரங்கள் ஓடும், அந்தக் காற்று குளிர் குழாய் வழியாக ஸ்டவ்வுக்கு வந்து, சூடேறி, வளையக் குழாயைச் சுற்றி, திரும்ப ஃபர்னஸுக்குள்ளேயே போகும். ஒரு சுற்று. அந்தச் சுற்றில் பாதியைக் கிட் கொடுக்கிறது, மீதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பார்க்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இது தெரியாதுதான், ஆனால் குழாய் எங்கோ மொட்டையாக நிற்கிறது என்பது எந்தக் கண்ணுக்கும் உறுத்தும்.

இதைச் சரிசெய்ய வெளிநாட்டிலிருந்து எதுவும் வரவழைக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் வயரிங்குக்கு விற்கும் பி.வி.சி. பைப் போதும். 25 மி.மீ. பைப்பை 87-ஆல் பெருக்கினால் 2.2 மீட்டர் குறுக்களவு வருகிறது, பெரிய கேஸ் குழாய்க்குக் கச்சிதமான அளவு. 20 மி.மீ. பைப் காற்றுக் குழாய்க்கு. கடையிலேயே வளைவும் கிடைக்கும், அதை மட்டும் வாங்காதீர்கள். வழவழவென்று வளைந்திருப்பதால் பார்த்த உடனே வயரிங் பைப் என்று காட்டிக்கொடுத்துவிடும். நிஜத்தில் இவ்வளவு பெரிய குழாயை யாரும் வளைப்பதில்லை. தகட்டைச் சாய்வாக வெட்டித் துண்டு துண்டாக வெல்டிங் செய்தோ ரிவெட் அடித்தோ திருப்புவார்கள். நேர் பைப்பையே ஹாக்ஸா பிளேடால் ஆப்பு ஆப்பாகச் சாய்த்து வெட்டி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று திருப்பி ஒட்டினால் ஒரு திருப்பத்துக்கு நாலைந்து துண்டில் அந்த உடைந்த வளைவு வந்துவிடும். ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய பட்டையாகக் காகிதத்தைச் சுற்றி விட்டால் அதுதான் ஃபிளாஞ்ச், குழாய் மூட்டின் விளிம்பு வளையம். பி.வி.சி.யும் கிட்டின் பிளாஸ்டிக்கும் வேறு வேறு சாதி, மாடல் சிமெண்ட் இரண்டையும் சேர்க்காது. எபாக்சி போடுங்கள். பெயிண்ட்டுக்கு முன்னால் உப்புத்தாளால் பளபளப்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரிந்து வரும். தாங்கு கால்களை எவர்கிரீன் கம்பெனியின் ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டையில் செய்தேன், அதற்கு இணை கிடையாது. கடைசியில் ஸ்டவ்களுக்குப் பின்னால் ஓர் இடியாப்பச் சிக்கல் உருவாகும், அப்போதுதான் ஸ்டீல் மில் மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

காஸ்ட் ஹவுஸைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருக்கிறது. சுவர் பரவாயில்லை. தரை ஒரே தட்டையான பிளாஸ்டிக், நடுவில் இரும்பு ஓட ஒரு பள்ளம், அவ்வளவுதான். இரும்பு வெளியே வரும் துளையான டேப் ஹோலைத் திறக்கும் டிரில்லும் இல்லை, அதைக் களிமண்ணால் அடைக்கும் மட் கன்னும் இல்லை. திறந்து விட்ட இரும்பை யார் நிறுத்துவது? தரையைச் சலித்த மெல்லிய மணலால் மூடிவிட்டு, மட் கன்னைத் துண்டு துணுக்குகளில் நானே கட்டினேன். வெளிச்சத்துக்கு ஆரஞ்சு எல்.இ.டி. ஒன்றைப் பள்ளத்துக்கு அடியில் வைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள்: 1500 டிகிரியை ஒட்டி வெளியே வரும் இரும்பு டேப் ஹோல் அருகில் ஏறக்குறைய வெள்ளை மஞ்சளாக இருக்கும், ஓட ஓடத்தான் ஆரஞ்சுக்கு இறங்கும். வாயருகில் வார்ம் ஒயிட், இரும்பை ஏந்தும் லேடில் பக்கம் ஆரஞ்சு, நடுவில் மஞ்சள் என்று பிரித்துப் போட்டு ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் இரும்பு எடுப்பார்கள், நாள் முழுக்க ஓடவிட்டால் சினிமா செட் ஆகிவிடும்.

இங்கே மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக. குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதீர்கள், ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிடும், அதன் பிறகு எவ்வளவு துருக் கலர் அடித்தாலும் அடியில் சாம்பல் பூசிய மாதிரிதான் தெரியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை காய்ந்த நாளாகப் பார்த்து அடித்து முடியுங்கள். டாமியா அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்த நாளில் நன்றாக உட்காருகிறது. அடிப்பலகைக்கு 12 மி.மீ. மரைன் பிளை, இரண்டு பக்கமும் விளிம்பும் சீல் செய்தது. மேல் பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தால் பலகை படகாக வளைந்து மூன்று ஸ்டவ்வும் மூன்று திசையைப் பார்க்கும்.

தாதுத் தூசிக்கு நம்ம தேயிலைத் தோட்டத்துச் செம்மண்ணைவிட நல்ல பொருள் எந்தக் கம்பெனி டப்பாவிலும் கிடைக்காது. வறுத்து, மல் துணியில் சலித்து, ஸ்கிப் குழியைச் சுற்றியும் தாது வேகன் ஓரங்களிலும் பிரஷ்ஷால் தட்டினால் போதும். வறுப்பது முக்கியம், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு பூஞ்சை பிடிக்கும். நிலக்கரி லோடுக்கு டஸ்ட் டீத்தூள் போடலாம் என்று சமவெளியில் இருப்பவர்கள் யோசனை சொல்வார்கள், இங்கே அது ஒரே மழையில் வெள்ளைத் தாடி வளர்த்துவிடும். அடுப்புக் கரியை இடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எல்லாவற்றுக்கும் ஆரஞ்சுத் துரு அடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது மூடிப்போன ஆலை. ஓடுகிற ஆலையில் துருவைவிடத் தூசிதான் அதிகம். செம்பழுப்பும் சாம்பலும் மேலிருந்து கீழே இறங்கிய மாதிரி அடியுங்கள்.

அமெரிக்கப் பாணிக் கிட் நம்ம ஊர் ரயிலோடு சேருமா என்றால் தாராளமாகச் சேரும். ஜாம்ஷெட்பூர் ஆலையையே சார்லஸ் பேஜ் பெரின் முதலான அமெரிக்கப் பொறியாளர்கள்தான் வடிவமைத்துக் கொடுத்தார்கள். 1911 டிசம்பரில் அங்கே முதல் இரும்பு வந்தது, 1912-ல் முதல் ஸ்டீல். ரிவெட் அடித்த இந்த வகை ஃபர்னஸின் முன்னால் ஒரு பழைய பிராட் கேஜ் இன்ஜினை நிறுத்தினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நம்ம பிராட் கேஜுக்கு இந்த அளவில் 19 மி.மீ.க்கு மேல் தண்டவாள அகலம் வேண்டும், எச்.ஓ. தண்டவாளம் 16.5 தான், அந்த வித்தியாசத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கும் முன்னால் டேப் எடுத்து அறையை அளந்துகொள்ளுங்கள். நிஜத்தில் 60 மீட்டர் உயரம் என்றால் 1:87-ல் 69 செ.மீ. கிட்டில் கொஞ்சம் குறுக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள், அப்படியும் மலை வீட்டின் சாய்ந்த கூரைக்கு அடியில் ஸ்கிப் பாலத்தின் உச்சி இடிக்கப் பார்க்கும். உருகிய இரும்பைக் கொண்டுபோகும் டார்பிடோ வண்டி 20 மீட்டர் என்றாலே 23 செ.மீ. வருகிறது, இறுக்கமான வளைவில் அது பக்கத்து லைனில் நிற்கும் வேகனை இடித்துத் தள்ளும், காஸ்ட் ஹவுஸுக்கு அடியில் போகும் லைனை நேராகவே போடுங்கள். இடம் குறைவாக இருந்தால் 1:160 ஆன ‘என்’ (N) அளவுக்குப் போவது நல்லது, அங்கே அதே 60 மீட்டர் 38 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஆனால் நான் சொன்ன குழாய் வேலையை அந்த அளவில் செய்யக் கண்ணும் பொறுமையும் இரட்டிப்பாக வேண்டும்.

விலை அதிகம்தான். அனுப்புச் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் சூட்கேஸில் இடம் கேட்பதானால் அட்டைப் பெட்டியை விட்டுவிட்டு ஃபிரேம்களை மட்டும் துணிக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள், ஸ்கிப் பாலத்தின் மெல்லிய குறுக்குக் கம்பிகளை மட்டும் தனியாக அட்டையில் கட்டி.

இதே வரிசையில் வரும் ரோலிங் மில் கிட்டுக்குக் காசு போடாதீர்கள். அது ஒரு நீளமான ஷெட், வேறொன்றும் இல்லை. நெளிவுத் தகடு மாதிரி அச்சடித்த ஸ்டைரீன் ஷீட் வாங்கி, சுவரோடு ஒட்டி முன்பக்கத்தை மட்டும் கட்டினால் கிட்டைவிட இரண்டு மடங்கு நீளமான ஷெட் கிடைக்கும், மிச்சப்பட்ட காசில் இன்னும் இரண்டு ஸ்லாக் வண்டி வாங்கிவிடலாம்.